திருப்பிக் கொடுக்காத ஏழு பாத்திரங்கள்

தாராவி, மும்பை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஷைஸ்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், உன் வாப்பாவின் முழங்கால் வலியும் என் கோபமும் மட்டும் அப்படியேதான் இருக்கின்றன. நெப்ராஸ்காவில் நீயும் மாப்பிள்ளை தாஹிரும் பேத்தி பரீஹாவும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். போனில் பேசினால் பிள்ளை அழுகிறது என்று வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன், உன் தம்பி பைசான் போட்டோ எடுத்து அனுப்புவான். தமிழ் மறந்துபோச்சு என்று சாக்குச் சொல்லாமல் எழுத்துக்கூட்டியாவது முழுதும் படி. மழையில் பட்டறைக்குள் தண்ணீர் வந்து வாப்பா தையல் மிஷினைச் செங்கல் மேல் ஏற்றி வைத்திருக்கிறார், பை தைக்கும் ஆர்டர் மட்டும் நிற்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். தாஹிர் உதவி டாக்டராக இருக்கும் இடத்தில் வயதான மாட்டு டாக்டர் ஓய்வு பெறுகிறார், அவர் இடத்தைத் தாஹிர் எடுத்துக்கொண்டு அந்த ஊரிலேயே இருப்பாரா என்று கேட்டிருக்கிறார்கள், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், நீதான் வேண்டாம் என்கிறாய். உம்மா, இந்த ஊர்க்காரங்க ஜெர்மனியிலேருந்து வந்து அஞ்சு தலைமுறையா விவசாயம் பாக்குறவங்க, நம்மள ஒட்டவிடமாட்டாங்க, பிள்ளை பிறந்தப்ப வந்ததோட சரி, அப்புறம் எட்டிக்கூடப் பாக்கல என்றாய். நானும் நம்பி இரண்டு வாரம் அழுதேன். நேற்றுத்தான் தாஹிர் எல்லாவற்றையும் சொன்னார். பரீஹா பிறந்த வாரத்தில் ஏழு வீட்டிலிருந்து கண்ணாடிப் பாத்திரங்களில் சாப்பாடு வந்ததாம், அந்த ஏழும் மூன்று மாதமாக உன் அலமாரியில் இருக்கின்றனவாம். ஏன் என்று அவருக்குப் புரியவில்லை, எனக்குப் புரிந்துவிட்டது. வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது, ஒரு பிடி சீனியாவது போட்டுக் கொடுக்க வேண்டும் என்று உன் தலையில் ஏற்றியவள் நான்தான். நெய்ச்சோறு ஆக்கி நிரப்பிக் கொடுக்கலாம் என்று இருந்திருப்பாய், கைக்குழந்தையோடு முடிந்திருக்காது, நாளாக ஆக வெட்கமாகியிருக்கும். அவர்களோ கழுவியதும் வந்துவிடும் என்றுதான் அடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதித் தருகிறார்களாம். போன மாதம் ஊரில் ஒரு மௌத்து விழுந்தபோது உன் பக்கத்து வீட்டு எடித் ஷ்ரோடர் அம்மா பாத்திரம் இல்லாமல் அலுமினியத் தட்டில் இழவு வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோனாராம். உன்னிடம் கேட்க அவருக்குக் கூச்சம். நீதான் ஒட்டவில்லை என்று அங்கே பேச்சு.

அந்த அம்மாவின் பூட்டனார் காலத்தில் மரமே இல்லாத பொட்டலில் புல்லை மண்ணோடு வெட்டி அடுக்கி வீடு கட்டினார்கள் என்று நீதானே சொன்னாய். ஜெர்மனியோடு யுத்தம் நடந்த நேரத்தில் மற்றவர்கள் முறைக்கிறார்கள் என்று வீட்டுக்குள்கூட ஜெர்மன் பேசுவதை நிறுத்திவிட்டார்களாம், எடித் அம்மாவுக்கு அந்தப் பாஷை தெரியாமலே போயிற்றாம். புதிதாக வந்து நிற்பவளின் கஷ்டம் அவர்களுக்கா தெரியாது? உன் வாப்பாவின் வாப்பா மேலப்பாளையத்திலிருந்து வந்தபோது இங்கேயும் சேறுதான், தகரமும் சாக்கும் வைத்துத்தான் குடியிருந்தார்கள். நான் கல்யாணமாகி வந்து ஒரு வருஷம் இந்தி தெரியாமல் குழாயடியில் ஊமை மாதிரி நின்றேன். தினமும் அழுதேன், ஆனால் குடத்தை எடுத்துக்கொண்டு மறுநாளும் போனேன். நீ என் மகள், நீயும் போவாய்.

இந்தச் சனிக்கிழமை ரவா லட்டு பிடி. பாத்திரத்துக்கு ஐந்து போதும், நெய்யில் கஞ்சத்தனம் பண்ணாதே. தாஹிர் கையில் கொடுத்தனுப்பாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏழு வீட்டுக்கும் நீயே போ, முதலில் எடித் அம்மா வீட்டுக்கு. ஏன் தாமதம் என்று உள்ளதைச் சொல், தப்பு எங்க உம்மாவோடது என்று சொல்லிக்கொள், எனக்கு வருத்தமில்லை. அதுவரை அந்த வேலைக்கு ஆம் என்றும் சொல்லாதே, இல்லை என்றும் சொல்லாதே.

அல்லாஹ் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். பரீஹாவின் தலையில் குளிர் ஏறாமல் பார்த்துக்கொள். இன்னும் ஒன்று. பாத்திரங்களின் அடிப்பக்கத்தைத் தாஹிர் போட்டோ எடுத்து அனுப்பினார், பைசான் படித்துச் சொன்னான். ஏழிலும் பெயருக்குக் கீழே பன்றிக்கறி சேர்க்கவில்லை என்று எழுதியிருக்கிறது. அவர்கள் வீட்டில் அது இல்லாமல் விருந்தே கிடையாது என்று நீதான் சொல்லியிருக்கிறாய். அப்படி எழுதிக் கொடுத்தவர்களின் வாசலில் ஒருமுறை போய் நில். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் அந்த ஊரை விட்டுக் கிளம்ப டிக்கெட் போட நானே சொல்கிறேன்.

உன் உம்மா
சாயிரா