ஆறாவது குரல்

1957 அக்டோபர் 7, திங்கள்

கோவில்பட்டி ஜவுளிக்கடை ஷம்சுல் ஆலம், இப்போது சக கைதிகளுக்கு மனு எழுதும் பாய்! அதனால்தான் பென்சில் கையில் இருக்கிறது. திருட்டுத் துணி வாங்கினேனாம். சப்ஜெயிலில் இருபது நாளாகக் கம்பி எண்ணுகிறேன்.

மாலைக் கணக்கெடுப்பில் ஆறு பேரும் சுவரைப் பார்த்து வரிசையாக உட்கார வேண்டும். வார்டர் வன்னியபெருமாள் கதவுக்கு வெளியே நிற்க, ஆளுக்கொரு எண் சொல்ல வேண்டும். கடைசி ஆள், எனக்கு வலப்பக்கம், புதூர் பூவனலிங்கம். ஆடு திருடியதாக வழக்கு. ‘ஆ...று’ என்று ஆட்டைக் கூப்பிடுவதுபோல் இழுப்பான். சிரிப்பை அடக்க முடியாது.

அக். 8

காலையில் பூவனலிங்கத்தைப் போலீஸ் விசாரணைக்குக் கூட்டிப் போனது. மத்தியானம் தூக்கி வந்து போட்டார்கள். உடம்பெல்லாம் கன்றியிருந்தது. தண்ணீர் கேட்டான். கொடுத்தேன், இறங்கவில்லை. கணக்கெடுப்புக்கு முன்பே உயிர் போய்விட்டது.

அக். 9

ஐந்து பேர் உட்கார்ந்தோம். நான் ‘அஞ்சு’ என்றேன். பக்கத்தில், அதே இழுப்பில், ‘ஆ...று’.

வெறும் தரைதான் இருந்தது.

“எவன்லே அது?” என்று வார்டர் கத்தினார். மறுபடி எண்ணச் சொன்னார். மறுபடியும் ஆறு.

அக். 10

இன்றும்.

அக். 11

வார்டர் தாள் கொண்டுவந்தார்.

“வலிப்பு வந்து செத்தான்னு எழுதுங்க பாய். மத்தவனுவ கைநாட்டு வைப்பானுவ. ஒங்களுக்கு ஜாமீன் கெடைச்சிரும். அடுத்த வாரம் வீட்டுல இருப்பீங்க.”

என் மனைவி தௌலத்துக்கு இது எட்டாம் மாதம். எழுதினேன். சீ, நானும் ஒரு மனுசனா?

அக். 12

பூவனலிங்கத்தின் தாய் முத்துத்தாய், அவன் வேட்டி சட்டையை வாங்க வந்திருந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என்னையே பார்த்தாள்.

“நீங்கதான் எழுதுனீங்களாமே அண்ணாச்சி? எம் மவனுக்கு வலிப்பே கெடையாதே!”

மாலையில் ‘ஆறு’ என் காதோரம் கேட்டது. மூச்சுகூடப் பட்டது.

அக். 14, திங்கள்

சாவை விசாரிக்க மாஜிஸ்திரேட் வந்து தாளைக் காட்டினார். “நீர் எழுதியதுதானே?”

“நான் எழுதுனதுதான் ஐயா. அத்தனையும் பொய்யி. அவன அடிச்சே கொன்னுட்டாங்க.”

சொல்லிவிட்டேன். தௌலத், என்னை மன்னித்துவிடு.

அக். 15

ஜாமீன் இல்லை. தனிக் கொட்டடிக்கு மாற்றிவிட்டார்கள். பென்சிலை மடியில் ஒளித்து எடுத்துவந்தேன்.

மாலையில் வார்டர் வந்தார். சுவரைப் பார்த்து உட்கார்ந்து ‘ஒண்ணு’ என்றேன்.

வலப்பக்கம், இழுத்து, ‘ரெ...ண்டு’.

வார்டர் சாவிக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடினார். நான் சற்று நகர்ந்து, அவனுக்கு இடம் விட்டு உட்கார்ந்தேன்.