திரும்பாத முதுகு

பிசியோதெரபிஸ்ட் ஸ்நேகாவுக்கு அன்று அப்பாவின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அவர் கோவிலிலிருந்து வருவதற்குள் கிளம்பிவிட நினைத்து, காலண்டர் தாளைக் கிழித்து எழுதினாள்.

"அப்பா, தோசை மாவு ஃப்ரிட்ஜுல. கார் சாவி அரிசி டின்னுக்குப் பின்னாடி, நான்தான் ஒளிச்சு வச்சேன்.

நேத்து ரிவர்ஸ் எடுக்கறச்சே எதிராத்து மதில்ல இடிச்சுட்டு, பின்னாடி திரும்பிப் பார்க்க முடியலைன்னு சொன்னேள். தெருவுலயே நிக்கவச்சுத் திரும்பச் சொன்னேன். நன்னாத் திரும்பினேள். 'முதுகுல ஒண்ணுமில்லை, கவனக்குறைவுதான்'னு எதிராத்துக்காரா முன்னாடி கத்தினேன்.

நின்னுண்டு திரும்பினா இடுப்பும் காலும் சேர்ந்து திரும்பிடும்பா. உட்காரவச்சு, கையை மார்புல கட்டிக்கச் சொல்லித்தான் நடுமுதுகைப் பார்க்கணும். ஊராருக்கெல்லாம் அப்படித்தான் பார்க்கறேன். உங்களுக்கு மட்டும் தப்பாப் பார்த்துட்டேன். சாயங்காலம் சரியாப் பார்க்கறேன். அதுவரைக்கும் வண்டியை எடுக்காதேங்கோ, கேட்டேளா?"

சீட்டை மேசையில் வைத்தபோதுதான் கவனித்தாள். அப்பா காபி குடிக்கும் நாற்காலி வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. தாளின் அடியில் நெருக்கி எழுதினாள்.

"கொஞ்ச நாளா நான் 'போயிட்டு வரேன்'னு சொன்னா திரும்பியே பார்க்கறதில்லை. கோபம்னு நெனச்சுண்டிருந்தேன். இனிமே முன்னாடி வந்து நின்னு சொல்லிட்டுப் போறேன்பா."