வாப்பா பெயரில் கஞ்சி

பதுளை,
1919 ஜூன் 3. நோன்பு, நாலாம் பிறை.

கண்ணுக்குத் தூரமானாலும் துஆவில் தூரமாகாத என் மச்சான் பலீல் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் பிள்ளைகளும் சுகம். கொழும்புக்குப் போய் அரிசியோடு வருகிறேன் என்று நீங்கள் சொன்னது நோன்புக்கு முன்னால். நோன்பு வந்துவிட்டது, அரிசியைத்தான் காணவில்லை. நம் அரிசிக்கடை திறக்குமா என்று ஊரே என்னிடம் ஆளனுப்பிக் கேட்கிறது. ரங்கூன் அரிசிக் கப்பலை நானா முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன்?

பிடியரிசிப் பானை நம் வீட்டில்தான் இருக்கிறது. தெருப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து வைத்து, வெள்ளிக்கிழமை கொண்டுவந்து கொட்டுகிறார்கள். மற்ற வருஷங்களில் அது பள்ளிவாசலுக்குப் போகும். இந்தப் பஞ்சத்தில் அதையே கஞ்சியாகக் காய்ச்சி, நோன்பு திறக்கும் நேரத்தில் பின்வாசலில் யார் வந்தாலும் ஊற்றச் சொல்லிவிட்டார் பள்ளிவாசல் லெப்பை. ஆனால் பிடிகள் சிறுத்துக்கொண்டு வருகின்றன. யாரைக் குறை சொல்வது?

மேல் தேயிலைத் தோட்டத்து ஆட்களும் இறங்கி வருகிறார்கள். அங்கே வாராவாரம் அளக்கும் அரிசியைப் பாதியாக்கிவிட்டார்களாம். வேலாயி என்று ஒருத்தி. புருஷன் போன வருஷக் காய்ச்சலில் போய்விட்டான். இரண்டு பையன்களோடும் இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளோடும் வருகிறாள். தனக்கென்று கேட்கவே மாட்டாள், நான்தான் அதட்டிக் குடிக்க வைக்கிறேன். சின்னவனுக்குக் கால் வீங்கியிருக்கிறது. கஞ்சி கிடைக்கும் வரைக்கும்தான் அவன் நடப்பான் என்று தோன்றுகிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது. பானை காலியானால் எந்த முகத்தோடு பின்வாசலைச் சாத்துவேன்?

உங்கள் வரவையே பார்த்திருக்கும்,
ஹம்ஸியா


புறக்கோட்டை, கொழும்பு,
1919 ஜூன் 6.

அன்புள்ள ஹம்ஸியாவுக்கு, உன் மேலும் பிள்ளைகள் மேலும் ஸலாம்.

கடிதம் கிடைத்தது. உன் நாக்கு நோன்பு பிடிக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

இங்கே சர்க்கார் அரிசிக் கந்தோர் வாசலில் இலங்கை முழுவதும் நிற்கிறது. அனுமதித் துண்டு இல்லாமல் ஒரு மூட்டையை அசைக்க முடியாது. அடுத்த கப்பல் வந்தால் என் முறை. பண்டாரவளை வரைக்கும் ரயிலில் ஏற்றி, அங்கிருந்து மாட்டுவண்டியில் கொண்டுவருவேன். வழியில் வண்டிகளை மறிக்கிறார்கள் என்கிறார்கள். அதை நினைத்தால் எனக்கும் தூக்கம் இல்லை.

நம் வீட்டுக்கென்று உள்ளறையில் வைத்த மூட்டையை மட்டும் தொடாதே. நம்முடையவையும் பிள்ளைகள்தான்.

இன்னொன்று. வெறும் கஞ்சியில் என்ன சத்து இருக்கிறது? வாப்பா இருந்த காலத்தில் நம் வீட்டு நோன்புக் கஞ்சி எலும்பு இல்லாமல் இறங்கியதில்லை. இறைச்சிக்கடைப் பாறூக்கிடம் சொல்லி நல்ல மாட்டெலும்பாக வாங்கிப் போடு. வாப்பா பெயரில் இருக்கட்டும். கால் வீங்கிய அந்தப் பிள்ளைக்கும் அடியில் கிடக்கும் கொழுப்பாகப் பார்த்து ஊற்று.

பலீல்


பதுளை,
1919 ஜூன் 12.

மச்சானுக்கு ஸலாம்.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். பாறூக் காக்கா எலும்போடு கொஞ்சம் இறைச்சியும் சேர்த்துக் கொடுத்தார். அந்த வாசம் தெரு முனை வரைக்கும் போய், பின்வாசலில் நெரிசல். மாமாவின் பெயரைச் சொல்லி எல்லாரும் துஆச் செய்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன்.

நல்ல செய்தியும் உண்டு. அதற்கு அடுத்த நாளிலிருந்து தோட்டத்து ஆட்கள் வருவதில்லை. ஒருவர்கூட இல்லை. அங்கே அரிசி வந்துவிட்டது போலிருக்கிறது. வேலாயியும் வரவில்லை. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் என்று சின்னக் கோபம் எனக்கு. சரி, வயிறு நிறைந்தால் போதும்.

தெருவாசிகளுக்கு மட்டும் என்றால் பெருநாள் வரைக்கும் பானை தாங்கும். அதனால் நீங்கள் வெயிலில் நின்று உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஸஹருக்கு ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

ஹம்ஸியா


கொழும்பு,
1919 ஜூன் 15.

அன்புள்ள ஹம்ஸியாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கப்பல் வந்தது. என் முறையும் வந்தது. எனக்குப் பின்னால் மாத்தறை ஷுக்ரி நின்றார். அவர் ஊரில் கடைகள் உடைபட்டு, இரண்டு நாளாக அடுப்பு எரியவில்லையாம். பெரிய மனிதர், கண்ணீர் விட்டுவிட்டார். நம் ஊர் தாங்கும் என்றுதான் நீ எழுதியிருக்கிறாயே. என் முறையை அவருக்கு விட்டுக்கொடுத்தேன். எனக்கு இனிப் பெருநாளுக்குப் பிறகுதான்.

நோன்பு மாதத்தில் நல்ல காரியம். நீ இருந்தாலும் இதைத்தான் செய்யச் சொல்லியிருப்பாய்.

பலீல்


பதுளை,
1919 ஜூன் 20.

மச்சான்,

ஸலாம். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நேரே எழுதிவிடுகிறேன். தோட்டத்தில் அரிசி வரவே இல்லை.

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு வேலாயி தனியாக வந்தாள். சிரட்டை கொண்டுவரவில்லை. முந்தானையை நீட்டி, ஒரு பிடி வேகாத அரிசி மட்டும் கேட்டாள். கஞ்சி இருக்கிறதே, ஏன் வரவில்லை என்று நான் அதட்டினேன். தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்: “கஞ்சியில மாட்டு வாசம் வந்துச்சுங்கம்மா. எங்க லயத்துல யாரும் அத தொடமாட்டோங்க. சொன்னா ஒங்க மனசு சங்கடப்படும்னு வராம இருந்துட்டோம்.”

என் மனம் சங்கடப்படுமாம். அதற்காக இத்தனை நாளும் கீரையையும் காட்டுக்கிழங்கையும் அவித்துத் தின்றிருக்கிறார்கள். சின்னவனுக்கு வயிற்றில் எதுவும் தங்கவில்லை. எழுந்திருக்கவும் முடியாமல் லயத்து வீட்டில் கிடக்கிறான்.

நம் வீட்டு அடுப்பில் எது வேகும், அவர்கள் எதைத் தொடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். நினைக்கவில்லை. நீங்களும் நினைக்கவில்லை. இரண்டு பேரும் நல்லது செய்கிற சந்தோஷத்தில் இருந்துவிட்டோம்.

உள்ளறை மூட்டையை அவிழ்த்துவிட்டேன். கோபமென்றால் வந்து கோபியுங்கள். பழைய சட்டியில் அவர்கள் வாங்கமாட்டார்கள் என்று புதுப் பானையும் புது அகப்பையும் வாங்கினேன். பலாமரத்தடியில் தனி அடுப்பு. அவர்கள் லயத்து இராக்கம்மாதான் காய்ச்சுகிறாள், நான் தள்ளி நின்று அரிசியை மட்டும் கொட்டுகிறேன். மற்றவர்களுக்கும் இனி எலும்பு இல்லை. பாறூக் காக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

இந்த மூட்டை எத்தனை நாளுக்கு வரும்? உங்கள் முறையை எப்படியாவது திரும்பக் கேளுங்கள்.

ஹம்ஸியா


கொழும்பு,
1919 ஜூன் 23.

ஹம்ஸியா,

மூட்டையை அவிழ்த்தது சரி. தொடாதே என்று நான் எழுதியதை மறந்துவிடு.

ஷுக்ரியின் அரிசி அன்றே ரயில் ஏறிவிட்டது. கந்தோரில் கெஞ்சிப் பார்த்தேன், வெளியே தள்ளாத குறை. இங்கே நின்று பயனில்லை. நாளைக்கே புறப்படுகிறேன். குரக்கன் இங்கேயே விளைகிற தானியம், அதற்குத் துண்டு தேவையில்லை. பண்டாரவளையில் இறங்கி, வெலிமடைப் பக்கம் ஊர் ஊராகப் போய் கிடைத்ததை வாங்கி வண்டியில் ஏற்றுவேன். பண்டாரவளையில் லத்தீப் நானா கடைக்கு எழுது.

விட்டுக்கொடுத்த அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன். அதுதான் இப்போது குத்துகிறது.

வாப்பாவின் பெயரை அந்தக் கஞ்சியோடு இனிச் சேர்க்க வேண்டாம். அந்தச் சின்னப் பையனுக்காகத் தொழுகையில் கையேந்தினேன், பெயர் தெரியவில்லை. வேலாயியிடம் கேட்டு எழுது.

பலீல்


பதுளை,
1919 ஜூன் 27.

என் மச்சானுக்கு ஸலாம். லத்தீப் நானா கடைக்குப் போகும் வண்டிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

தோட்டத்து ஆட்கள் மறுபடியும் வருகிறார்கள், முன்பைவிட அதிகமாக. வேலாயி மட்டும் நாலு நாளாக வரவில்லை. இராக்கம்மாதான் அவளுக்கும் கஞ்சி கொண்டுபோனாள். இன்றைக்குத்தான் வேலாயி பெரியவனை மட்டும் கூட்டிக்கொண்டு வந்தாள். நீங்கள் கேட்டதைக் கேட்டேன். “எதுக்குங்கம்மா?” என்றாள். என் மாப்பிள்ளை துஆக் கேட்கப் பெயர் வேண்டுமாம் என்றேன். “தம்பையாங்க” என்றாள்.

பிறகு வழக்கம்போல் இரண்டு சிரட்டையையும் நீட்டினாள். நீட்டிய பிறகுதான் அவளுக்கே நினைவு வந்தது. ஒன்றை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அது தம்பையாவின் சிரட்டை.

நான் அதையும் வாங்கி, அந்தப் புது அகப்பையால் இரண்டிலும் ஊற்றினேன். ஒன்றை அவளைக் குடிக்க வைத்தேன்.

மூட்டை அடி தெரிகிறது. குரக்கன் கிடைத்த அளவோடு வந்துவிடுங்கள், நிற்க வேண்டாம்.

ஹம்ஸியா