தானாக நின்ற காரும் ஓட்ட மறுக்கும் அப்பாவும்

அன்பு மகன் இர்ஃபானுக்கு, குவாந்தானிலிருந்து அம்மா எழுதுவது. அல்லாஹ்வின் கருணையால் இங்கே உடம்புக்கு ஒன்றும் குறையில்லை, பெர்த் குளிரில் நீயும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். மனசுதான் கொதிக்கிறது, போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

தெமர்லோ போகும்போது கல் தெறித்து உடைந்த முன்கண்ணாடியை ஜைலானியின் கார் பட்டறையில் மாற்றினோமே, அதற்குப் பிறகுதான் கார் வெறும் சாலையில் தானாகப் பிரேக் பிடிக்க ஆரம்பித்தது. ஒருநாள் அப்பா ஓட்டும்போது அப்படி நின்றது, உன் அக்கா சுரயா குழந்தையோடு பின்சீட்டில் இருந்தாள், பின்னால் வந்த லாரி மயிரிழையில் ஒதுங்கியது. "நான் பிரேக்கை மிதிக்கவே இல்லை" என்று அப்பா சொன்னதை யார் கேட்டீர்கள்? "மாமாவுக்கு வயசாயிடுச்சு, கால் தன்னால போயிருக்கும்" என்று ஜைலானி சிரித்தான். சுரயா சாவியைக் கேட்டாள். நீயும் இனி ஓட்ட வேண்டாமென்று சொல்லிவிட்டாய். காலமெல்லாம் விரைவுப் பேருந்து ஓட்டிய மனுஷன் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டு போகிறார்.

எனக்குப் பொறுக்கவில்லை. போன வாரம் ஜைலானியைப் பக்கத்தில் உட்காரவைத்து நானே ஓட்டினேன். புறவழிச்சாலையில் முன்னும் பின்னும் ஈ காக்கை இல்லை, கார் சடாரென்று நின்றது. "இப்ப யாரு கால் மிதிச்சுது, சொல்லு" என்றேன். அதன் பிறகே வாயைத் திறந்தான். கண்ணாடி மாற்றினால் அதன் உச்சியில் இருந்து சாலையைப் பார்த்து, எதிரே வண்டி இருந்தால் தானாகப் பிரேக் போடவைக்கும் கேமராவைத் திரும்ப நேர்ப்படுத்த வேண்டுமாம், அவனிடம் அதற்குக் கருவி இல்லையாம், பரவாயில்லை என்று விட்டுவிட்டானாம். பரவாயில்லையாம்! கையோடு அவனைக் கார் கம்பெனி சர்வீஸுக்கு இழுத்துப் போனேன். சமதளத்தில் நிறுத்தி, எதிரே கட்டம் போட்ட பலகை வைத்து, அளந்து அளந்து சரிசெய்தார்கள். கேமரா கோணியிருந்ததால் மர நிழலைக்கூட வண்டி என்று நினைத்திருக்கிறது.

இப்போது கார் ஒழுங்காக ஓடுகிறது. அப்பாதான் தொடமாட்டேன் என்கிறார். சாவியை நீட்டினால், "புள்ளைங்க பயப்படுதுங்க, வேணாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சுரயா வந்து அழுதாள், அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாரே தவிர சாவிப் பக்கம் திரும்பவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, இறைவன் உன்னைக் காப்பான். ஒன்றை மட்டும் மறக்காதே: இன்றைக்கே அப்பாவின் போனுக்குக் கூப்பிடு. கேமரா கதையெல்லாம் விளக்காதே. "ஹரி ராயா பெருநாளுக்கு நான் வரும்போது விமான நிலையத்துக்கு நீங்கள்தான் கார் எடுத்துக்கொண்டு வர வேண்டும்" என்று கேள்.

உன் அம்மா,
ரொக்கியா