இழுத்துப் பார்த்த முட்டி

மார்ச் 3
தையல் பிரித்தாயிற்று. ஊழியர் பேட்மிண்டன் போட்டியில் ஓர் எம்பு எம்பி முட்டி ஜவ்வை அறுத்துக்கொண்ட புண்ணியவதி, இதே மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவுத் தலைவியான நானேதான். என் தொடையிலிருந்தே ஒரு நாரை எடுத்து ஜவ்வுக்குப் பதிலாகப் பதித்து, அது ஊன்றிப் பிடிக்கும்வரை தாங்கட்டும் என்று கூடவே மெல்லிய செயற்கை நாடாவையும் கோத்திருக்கிறார் சர்ஜன்.

"நாடா இருக்குன்னு ஆட்டம் போடாதீங்க. நார் பிடிக்க மாசக்கணக்காகும்."

எனக்கே பாடம்!

மார்ச் 9
கட்டிலில் கிடந்தால் கை சும்மா இருக்கிறதா? காலை மடக்கி, முட்டிக்குக் கீழே இரண்டு கையாலும் பிடித்து முன்னால் இழுத்துப் பார்த்தேன். ஜவ்வு உறுதியா என்று நோயாளிகளிடம் நாங்கள் பார்ப்பதுதான். புதிதாகப் பதித்த நாரில் செய்யவே கூடாது. அசையவில்லை. ஒரே சந்தோஷம்.

மார்ச் 15
இன்றும் இழுத்தேன். தினமும்தான்.

மார்ச் 28
சர்ஜன் காலைத் தொட்டதுமே முகம் மாறிவிட்டது. "தளர்ந்திருக்கே! நாடா மட்டும் இல்லேன்னா மொத்தமும் போயிருக்கும். யாரு இழுத்தது?"

எனக்குப் பயிற்சி தருபவள் என் ஜூனியர். அவளைத்தான் பார்த்தார். "நீயா? இனிமே யார் முட்டியையும் நீ தொட வேண்டாம்."

அவள் தலைகுனிந்து நின்றாள். நான் வாயே திறக்கவில்லை. சீ.

மார்ச் 29
சோறு இறங்கவில்லை. "கால் வலிக்குதா?" என்றார் கணவர். ஆமாம் என்றேன். அதுவும் பொய்.

பயிற்சி செய்யாமலே செய்தேன் என்று கதை விடும் நோயாளிகளை எத்தனை முறை வறுத்தெடுத்திருக்கிறேன்! அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடும்டி. சொல்லித் தொலையேன் — என்ன கௌரவம் வேண்டிக்கிடக்கு உனக்கு?

மார்ச் 31
சொல்லிவிட்டேன். சர்ஜன் அறையில், அவளையும் வைத்துக்கொண்டு. "நான்தான் சார் இழுத்தேன்."

"நீங்களா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம். மறுபடி அறுக்க வேண்டியதில்லையாம். பயிற்சி மட்டும் முதலிலிருந்து.

வெளியே வந்து அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"தெரியும்க்கா. முட்டிக்குக் கீழே உங்க விரல் பதிஞ்சு கன்னிப்போயிருந்துச்சு. நீங்களே சொல்வீங்கன்னு பாத்துட்டிருந்தேன்."

கூசிப்போனேன். அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

ஏப்ரல் 2
அவளை மறுபடி வேலை பார்க்க விட்டுவிட்டார்கள். முதல் நோயாளி நான். மேசையில் படுத்தேன்.

"ரெண்டு கையையும் தலைக்கு அடியில வச்சுக்கோங்க, மேடம்."

வைத்துக்கொண்டேன். அவள் முடிக்கும்வரை எடுக்கவில்லை.