நோயாளி எண்ணும் நிரம்பிய மெமரியும்

அன்புள்ள அப்பாவுக்கு வைஷ்ணவி எழுதுவது. பெர்லின் குளிரிலும் நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே ஒரு வேடிக்கை. ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுகளைப் படிக்க நான் எழுதிய புரோகிராம், கம்ப்யூட்டரின் மெமரி நிரம்பி அடிக்கடி நின்றுபோனது.

"பெரிய மெஷின் வாங்கிடலாம், விடுங்க" என்றார் மேலாளர் பீமராவ்.

"ரெண்டு நாள் குடுங்க சார், காரணம் தெரிஞ்சாகணும்" என்றேன்.

ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் நோயாளி எண்ணை மட்டும்தான் துண்டாக எடுத்து வைத்திருந்தேன். ஆனால் அந்தத் துண்டு தனிப் பிரதி இல்லையாம், முழு ரிப்போர்ட்டுக்குள் ஓர் இடத்தைக் காட்டும் குறி மட்டும்தானாம். அது இருக்கும்வரை முழு ரிப்போர்ட்டும் மெமரியை விட்டுப் போகாதாம்! எண்ணை மட்டும் தனியே நகலெடுத்து வைத்தேன். நாலு நாளாக நிற்காமல் ஓடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை போனில் "வேற என்னம்மா, வச்சிடட்டுமா?" என்று கேட்காதீர்கள். பேச ஒன்றுமில்லாவிட்டாலும் உங்கள் பின்னால் கேட்கும் துறையூர் சந்தை இரைச்சலைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் ஆபீஸ் போகும் பஸ் வந்துவிட்டது, இத்துடன் முடிக்கிறேன்.

உங்கள் மகள்
வைஷ்ணவி