அலட்சிய வளைகோடு

அம்பத்தூர்,
3.4.2025

அன்புள்ள சித்ராவுக்கு,

நான் சௌக்கியம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது, அதை மட்டும் நம்பு.

ஐந்து கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற மனைவிக்கு ஸ்பீட் போஸ்ட் அனுப்புகிறவன் அம்பத்தூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தபால் ஆபீஸ் அம்மாள் முகவரியைப் பார்த்துவிட்டு, "முகப்பேரா சார்? ஷேர் ஆட்டோல போனா அரை மணிதான்" என்றார். வாட்ஸ்அப்பில் எதற்கெடுத்தாலும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறீர்கள், இனி ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் தபாலில் எழுதுங்கள் என்று நீதானே சொன்னாய். அதனால் எழுதுகிறேன்.

ஒரு உதவி வேண்டும். பூந்தமல்லி நஜீர் பாய் தன் அச்சகத்தில் பதினொன்றாம் வகுப்புப் பொருளியல் கைடு போடுகிறார். நான் ஆங்கிலத்தில் வைத்திருந்த குறிப்புகளை அவரே ஆள் வைத்துத் தமிழாக்கிவிட்டார். நான் பிழை திருத்திக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன். படங்கள்தான் பாக்கி. கம்ப்யூட்டரில் போட்ட வளைகோடுகள் உடைந்த முறுக்கு மாதிரி இருக்கின்றன. ஓவிய டீச்சர் கை வேண்டும். மொத்தம் ஆறு படம், பக்கங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். முடிந்தால் போட்டுக் கொடு. முடியாவிட்டாலும் பரவாயில்லை.

தம்பி பாண்டியன் வாராவாரம் நூம்பலிலிருந்து தண்ணீர் கேன் கொண்டுவந்து போடுகிறான். அண்ணி எப்போது வருவார்கள் என்று கேட்கிறான். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. தெரியவில்லை என்று சொல்லி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பாஸ்கரன்

❖

முகப்பேர் கிழக்கு,
8.4.2025

பாஸ்கரன் சாருக்குச் சித்ரா எழுதுவது.

ஐந்து படம் அனுப்பியிருக்கிறேன். ஆறாவதைப் போடவில்லை. அதற்குக் கீழே எழுதியிருக்கும் பெயரோடு அதைப் போட எனக்குக் கை வரவில்லை.

உங்கள் பக்கங்களில் 'அலட்சிய வளைகோடு' என்று முப்பத்து நான்கு இடத்தில் இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன். அது 'சமநோக்கு வளைகோடு' என்று பொருளியல் படிக்காத எனக்கே தெரியும். எத்தனை வருஷம் அடுத்த அறையில் நீங்கள் டியூஷன் எடுப்பதைக் கேட்டிருக்கிறேன். யாரோ மொபைலில் போட்டுத் தமிழாக்கியிருக்கிறார்கள், சரி. நீங்கள் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே. கண்ணில் படவில்லையா, பட்டும் விட்டுவிட்டீர்களா? பட்டிருக்கும். 'புரிந்தால் சரி' என்று விட்டிருப்பீர்கள். இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு இதுகூடத் தெரியாதா?

இன்னொரு செய்தி. எங்கள் நிர்வாகம் ஓசூரில் புதுப் பள்ளி திறக்கிறது. ஓவியப் பிரிவுக்குப் பொறுப்பாக என்னைக் கேட்கிறார்கள். ஜூனில் சேர வேண்டும், தங்க வீடும் தருகிறார்கள். மே பத்தாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். போனால் திரும்பி வருகிற யோசனையோடு போகமாட்டேன். அதனால்தான் உங்களைக் கேட்கிறேன்.

உங்கள் பாடத்தில் வருமே, நாலு இட்லி ஒரு தோசை என்றாலும், ரெண்டு இட்லி ரெண்டு தோசை என்றாலும் சாப்பிடுகிறவனுக்கு ஒரே திருப்தி, இரண்டும் ஒரே கோட்டின் மேல் இரண்டு புள்ளிகள் என்று. நான் அந்த வீட்டில் இருப்பதும் இல்லாததும் உங்களுக்கு அப்படி இரண்டு புள்ளிகள்தானா? போ என்றோ போகாதே என்றோ ஒரு வார்த்தை எழுதுங்கள். 'உன் இஷ்டம்' என்று மட்டும் எழுதாதீர்கள். அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

சித்ரா

❖

அம்பத்தூர்,
14.4.2025

அன்புள்ள சித்ராவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். எதிர் வீட்டிலிருந்து மாங்காய்ப் பச்சடி வந்தது. வெல்லம் அதிகம், உன் கைப்பக்குவம் இல்லை.

முப்பத்து நான்கு இடத்தையும் மாற்றச் சொல்லிவிட்டேன். கண்ணில் பட்டது உண்மைதான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'இன்டிஃபரன்ஸ்' என்ற ஒரே சொல்தானே, பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள் என்று விட்டேன். ஆனால் நீ கிளப்பிவிட்ட பிறகு அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். நாம் வசவாகச் சொல்கிற 'உதாசீனம்' வடமொழியில் பாராட்டு. உதாசீனன் என்றால் விலகி உட்கார்ந்திருப்பவன், நண்பனிடமும் பகைவனிடமும் ஒரே மாதிரி இருப்பவன். சமணத் துறவிகள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஒருவன் ஒரு கையில் சந்தனம் பூசுகிறான், இன்னொருவன் மறு கையை உளியால் செதுக்குகிறான், இருவரும் ஒன்று என்று இருக்க வேண்டும் என்றார்கள். கிரேக்க நாட்டிலும் ஒரு கூட்டத்தார் இருந்தார்கள். செல்வம், உடம்பு, ஊரார் பேச்சு எதுவும் பொருட்டல்ல, நல்லவனாக இருப்பது மட்டுமே பொருட்டு என்றார்கள்.

இப்போது விடைத்தாள் திருத்தப் போய்க்கொண்டிருக்கிறேன். தாளில் பெயர் இல்லை, பள்ளி இல்லை, ஒரு எண் மட்டும். யாராக இருந்தாலும் எனக்கு ஒன்றுதான். அப்படி இருப்பதுதானே நியாயம்? நீ குறை என்று சொல்வதை உலகத்தில் பாதிப் பேர் தவம் என்று சொல்லியிருக்கிறார்கள் என்பதைச் சும்மா சொல்லிவைக்கிறேன்.

ஓசூர் நல்ல வாய்ப்பு. வெயிலும் குறைவு. இங்கேயும் உனக்கு எல்லாம் இருக்கிறது. இரண்டிலும் நன்மை உண்டு. நீ தீர யோசித்து எடுக்கிற முடிவுக்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

இப்படிக்கு,
பாஸ்கரன்

❖

முகப்பேர் கிழக்கு,
19.4.2025

பாஸ்கரன் சாருக்கு,

பெயரை மாற்றிவிட்டதால் ஆறாவது படத்தையும் அனுப்பியிருக்கிறேன். அந்தக் கணக்கு தீர்ந்தது.

நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். சமணர் வந்தார், கிரேக்கர் வந்தார், நீங்கள் மட்டும் வரவில்லை. 'குறுக்கே நிற்கமாட்டேன்' என்பது என்ன? 'உன் இஷ்டம்' என்பதையே இஸ்திரி போட்டு அனுப்பியிருக்கிறீர்கள்.

எனக்குத் தத்துவம் தெரியாது. படம் போடத் தெரியும். ஒரு முகத்தை வரையும்போது விருப்பு வெறுப்பை மூட்டை கட்டி வைத்துவிட வேண்டும் என்றுதான் எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். அழகான மூக்கு, சப்பை மூக்கு என்று கிடையாது. வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழல் எங்கே இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அதற்காக அந்த மூக்கை மூன்று மணி நேரம் உற்றுப் பார்க்க வேண்டும். நீங்கள் சொன்ன துறவி தன் இரண்டு கையிலும் என்ன நடக்கிறது என்று அறிந்தவர்தானே? நீங்களும்தான். பெயர் தெரியாத தாளை அரை மார்க்குக்காக இரண்டாம் தடவை படிக்கிறவர் நீங்கள். எத்தனை ஏப்ரல் பார்த்திருக்கிறேன். சமநோக்கு என்ற சொல்லில் 'நோக்கு' இருக்கிறதே. நம் வீட்டில் உங்களிடம் சமம் இருந்தது, நோக்கு இல்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன். நேரில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் இத்தனை நாள் சொல்லவில்லை. போன வருஷம் ஜூனில் டாக்டர் இரண்டு வழி சொன்னார். மார்பில் இருக்கிற கட்டியை உடனே எடுத்துவிடலாம், இல்லாவிட்டால் ஆறு மாதம் விட்டுப் பார்க்கலாம் என்றார். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு, "டாக்டரே ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்றாரே. உன் இஷ்டம்" என்றீர்கள். எடுத்துவிடுங்கள் என்று நான்தான் சொன்னேன். கெட்ட கட்டி இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. கஞ்சி வைத்தீர்கள், தலை வாரிவிட்டீர்கள், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அந்த டாக்டர் அறையில் நான் தனியாகத்தான் இருந்தேன். ஆகஸ்டில் வீட்டை விட்டு வந்தது அதனால்தான். எல்லோரிடமும் நான் வேடிக்கையாகச் சொல்லிவைத்த மாதிரி உங்கள் கஞ்சியால் இல்லை.

மே பத்து. மறக்க வேண்டாம்.

சித்ரா

❖

அம்பத்தூர்,
4.5.2025

அன்புள்ள சித்ரா,

பதில் எழுதப் பதினைந்து நாள் ஆகிவிட்டது. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

கடைசிப் பக்கங்களைப் பார்க்க நஜீர் பாயிடம் போயிருந்தேன். நீ ஓசூர் போவதைப் பற்றி மட்டும் அவரிடம் சொன்னேன். எது நடந்தாலும் ஏற்றுக்கொள்வதுதானே பாய் உங்கள் மார்க்கத்திலும், என்றேன். அவர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டார். "இன்னா சார் நீங்க? அல்லா எது குடுத்தாலும் சரின்றது அல்லாகிட்ட சொல்ற பேச்சு. அதையே ஊட்ல சொன்னா, எனக்கு இன்னா வந்துச்சுன்னு அர்த்தம். ஷாகிதாகிட்ட ஒரு தபா சொன்னேன், ஒரு வாரம் சோறு இல்ல" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நமக்குக் கல்யாணம் ஆவதற்கு ஐந்து வருஷம் முன்னால் பாண்டியனுக்கு இரண்டு வேலை வந்தது. ஒன்று ஆவடியில் ஜவுளிக் கடை, இன்னொன்று பாடியில் ஒரு பட்டறையில் பிரஸ் மிஷின். அப்பா இல்லாத வீடு, அவன் என்னைத்தான் கேட்டான். "தொழில் கத்துக்கோ, பாடிக்கே போ" என்றேன். பதினோராம் நாள் அவனுக்கு மூன்று விரல் போயிற்று. விரல் போனது உனக்குத் தெரியும், யார் அனுப்பினார்கள் என்று தெரியாது. அம்மாகூட என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. அன்றிலிருந்து யாருக்காகவும் எதையும் நான் தேர்ந்தெடுத்ததில்லை. அதற்குப் பெருந்தன்மை என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். பிறகு அதற்கு ஆதாரம் தேடிப் படித்தேன்.

போன ஞாயிறு நூம்பலுக்குப் போய்ப் பாண்டியனிடம் இதைக் கேட்டேவிட்டேன். வண்டியில் கேன் ஏற்றிக்கொண்டிருந்தான். "அதுக்கா இத்தினி வருசமா மூஞ்ச தூக்கி வச்சிகினு கீற? நீ போன்னே, போனேன். மிஷின்ல கைய உட்டது நானு. எனக்குச் சொல்ல உன்ன உட்டா யாரு இருந்தா அண்ணாத்தே?" என்றான். அப்புறம் ஒரு கேனைத் தூக்கி என் தலையில் கட்டி, ஏற்று என்றான்.

சித்ரா, டாக்டர் அறையில் நான் காலண்டரைப் பார்த்தது உன் முகத்தைப் பார்க்கப் பயந்துதான். 'எடுத்துடலாம்' என்பது தொண்டை வரைக்கும் வந்தது. கெட்டதாக முடிந்தால் அதுவும் நான் சொன்னது ஆகிவிடுமே என்று விழுங்கிவிட்டேன். அதாவது, பழி வந்தால் அது உன் தலையில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. தவம் என்றெல்லாம் உனக்கு எழுதினேனே, அதைவிடவும் வெட்கமாக இருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில். போகாதே. வீட்டுக்கு வா. உனக்கு ஓசூர்தான் நல்லதாக இருக்கலாம், இருந்தாலும் நீ போகக் கூடாது என்று நான் ஆசைப்படுகிறேன். இது நியாயமா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு நீ வேண்டும்.

உன்,
பாஸ்கரன்

❖

முகப்பேர் கிழக்கு,
9.5.2025

அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கதவைக்கூடச் சாத்தாமல் வாசலில் நின்றபடியே படித்தேன். கீழ்வீட்டு அம்மாள் யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிற அளவுக்கு அழுதேன். ஒன்றும் இல்லை, வீட்டுக்காரர் எழுதியிருக்கிறார் என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, உள்ளே போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

நான் ஓசூர் போகிறேன். இன்று காலை கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

உங்களைத் தண்டிக்க இல்லை. இத்தனை வருஷம் நான் எதைச் சொன்னாலும் சரி என்றீர்கள். சுவரே இல்லாத இடத்தில் சாயப் போகிற மாதிரி இருந்தது. எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியாமல் போயிற்று. நீங்கள் போகாதே என்று எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்குப் போக வேண்டும் என்பது நன்றாகத் தெரிந்தது. கேட்க வேடிக்கையாக இருக்கும். அன்று டாக்டர் அறையில் வைத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்று உங்கள் பக்கத்து அறையில் இருந்திருப்பேன். இப்போது எனக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது. நாற்பத்தாறு வயதில் என்னை நம்பி ஒரு பிரிவையே கொடுக்கிறார்கள்.

பாண்டியன் விஷயத்தில் உங்கள்மேல் கோபமாக இருக்கிறேன். அவனுக்குச் சோறு போடும்போதெல்லாம் நீங்கள் எழுந்து வேறு பக்கம் போவீர்கள். கூடப் பிறந்தவன்மேல்கூட இவருக்கு ஒட்டுதல் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். உங்களைப் பற்றி நான் எத்தனை தப்பாக நினைத்திருக்கிறேன், நினைக்கவும் விட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன், ஒவ்வொரு தடவையும் கோபம்தான் வருகிறது. வரட்டும். அவர் எப்படியாவது இருந்துவிட்டுப் போகட்டும் என்று எனக்குத் தோன்றுகிற நாள் வந்தால்தான் நம் இரண்டு பேருக்கும் இடையில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அந்த நாள் வரவில்லை.

மே முப்பதாம் தேதி கிளம்புகிறேன். ஓசூர் முகவரியைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். வரலாமா என்று கேட்டு எனக்கு எழுதாதீர்கள். கேட்டு எழுதினால் வேண்டாம் என்றுதான் பதில் எழுதுவேன். கேட்காமல் வந்து வாசலில் நின்றால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

சித்ரா